பட்டா இல்லாத பூமி – 7: பலகை நட்டவருக்குச் சொந்தம்

2024இல் நார்வேயில் ஒரு நிலம் விலைக்கு வந்தது. பரப்பு 60 சதுர கிலோமீட்டர். மலை, பனியாறு, கொஞ்சம் கடற்கரை. சாலை கிடையாது, வீடு கிடையாது, மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. தேசியப் பூங்காவுக்குள் வருவதால் புதிதாகக் கட்டவும் தோண்டவும் ஏகப்பட்ட தடை. கேட்ட விலை 30 கோடி யூரோ.

வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், சோரே ஃபாகர்ஃபியோர்டு என்ற இடம் அது. விலையைக் கேட்டு வாய் பிளந்தவர்கள் பலர். எனக்கு உறுத்தியது வேறு. பூர்வகுடிகள் என்று யாரும் இல்லாத, 1925 வரை எந்த நாட்டுக்கும் சேராத தீவுகள் இவை. அப்படியானால் இந்த நிலத்துக்கு முதல் பட்டா கொடுத்தது யார்?

கிழக்கு கிரீன்லாந்துக்காக நார்வேயும் டென்மார்க்கும் ஹேக் நீதிமன்றப் படியேறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது அரசுகளின் வழக்கு. இந்த வாரக் கதையில் வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள்.

ஸ்வால்பார்டை டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் கண்டது 1596இல். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் எல்லாம் திமிங்கில வேட்டைக்கு வந்து, எந்த விரிகுடா யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். திமிங்கிலம் அருகியதும் கிளம்பிப் போனார்கள். தங்கி ஆள வேண்டும் என்று எந்த அரசுக்கும் தோன்றவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரி ஆசை வந்தது. மிச்சிகனைச் சேர்ந்த செல்வந்தர் ஜான் மன்ரோ லாங்யர் 1901இல் குடும்பத்தோடு கப்பலில் சுற்றிப்பார்க்கத்தான் வந்தார். 1906இல் ஆர்க்டிக் கோல் கம்பெனியைத் தொடங்கிச் சுரங்கம் வெட்டினார். யாரிடம் அனுமதி வாங்கினார்? அனுமதி தர அங்கே ஓர் அலுவலகமும் இல்லை. எல்லையைக் குறித்துப் பலகை நட்டார்கள், இது எங்களுடையது என்று அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு எழுதினார்கள். பத்திரப்பதிவு முடிந்தது! அவர் பெயரைத் தாங்கிய லாங்யர்பியன்தான் இன்றும் ஸ்வால்பார்டின் தலைமை ஊர்.

லாங்யராவது உண்மையில் நிலக்கரி எடுத்தார். எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் பளிங்கைக் கண்டுபிடித்தார். லண்டனில் நார்தர்ன் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி உருவானது, பங்குகள் விற்றன, 1911இல் கிங்ஸ் விரிகுடாவின் கரையில் ‘நியூ லண்டன்’ என்ற முகாமே எழுந்தது. நீராவிக் கொதிகலன், பளுதூக்கி, கல் ஏற்றிச்செல்லத் தண்டவாளம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. பளிங்கு மட்டும் ஏமாற்றிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்து உறைந்து உள்ளுக்குள் விரிசல் கண்டிருந்த கல், சந்தைக்கு உதவவில்லை. இதற்கெல்லாம் அசரும் கம்பெனியா அது? தீவு தீவாகப் போய்ப் பலகை நட்டுக்கொண்டே இருந்தது. கல் விலை போகாவிட்டால் என்ன, இடம் விலை போகுமே என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பவும் இல்லை. அதன் சொத்துகளைக் கடைசியில் 1932இல் நார்வே அரசே விலைகொடுத்து வாங்கிக்கொண்டது.

நியூ லண்டனின் கொதிகலன் துருவேறி இன்றும் அங்கேயே நிற்கிறது. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் ஸ்வால்பார்டில் பாதுகாக்கப்பட்ட சின்னம். பளிங்குக் கம்பெனியின் ஆணி ஒன்றை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டால் குற்றம்.

இந்தப் பலகைகளுக்குச் சட்ட மதிப்பு வந்தது 1920 பிப்ரவரி 9 அன்று, பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில். தீவுகளின் முழு இறையாண்மை நார்வேக்கு. ஆனால் வேட்டை, மீன்பிடிப்பு, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் கையெழுத்திட்ட எல்லா நாட்டவருக்கும் சம உரிமை. இந்தியாவின் பெயராலும் ஒரு கையெழுத்து உண்டு. போட்டவர் பிரிட்டிஷ் பிரபு என்பது வேறு விஷயம்.

நமக்கு வேண்டியது ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், நிலம் தன்னுடையது என்பவர்கள் மனுப்போட வேண்டும். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஓர் ஆணையர் அவற்றை விசாரிப்பார். தகராறு தீராவிட்டால் நடுவர் மன்றம். எப்போது முதலில் கைவசப்படுத்தினாய், அரசுக்கு எப்போது தெரிவித்தாய், அங்கே என்ன வேலை செய்தாய் என்றெல்லாம் பார்க்கலாம். மனுவோடு ஒரு வரைபடம்; அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே போதும், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்! பேனா முனையின் தடிமனில் ஒரு குன்றே காணாமல் போகும். கட்டணம் ஏக்கருக்கு ஒரு பென்னி. 60 சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் அன்றைய பணத்தில் சுமார் 62 பவுண்டு.

பட்டா கொடுத்தது யார் என்ற கேள்விக்கு இதுதான் விடை. பலகை நட்ட அன்று அது வெறும் பலகைதான். ஒன்பது அரசுகள் உட்கார்ந்து, முன்பு நட்டதை மதிப்போம் என்று ஒப்புக்கொண்ட பிறகே அது சொத்து ஆனது. ஒப்புக்கொள்ள அவர்களுக்குக் காரணமும் இருந்தது. தத்தம் நாட்டுக் கம்பெனிகளின் முதலீடு முழுகிவிடக் கூடாதே. யாரும் உரிமை நிலைநாட்டாத மிச்ச நிலமெல்லாம் நார்வே அரசுக்குப் போனது. கதவு அத்தோடு சாத்தியாயிற்று.

அன்று கொடுத்ததைத் திரும்பப் பெற நார்வே இன்றுவரை செலவழிக்கிறது. தனியார் நிலத்தை இழப்பீடு தராமல் எடுக்க ஒப்பந்தம் விடாது. லாங்யர்பியனுக்கு எதிர்க்கரையில் ஒரு குடும்பத்தின் கையில் இருந்த நிலத்தில் சீனக் கோடீஸ்வரர் ஒருவருக்கு ஆர்வம் என்று செய்தி பரவிய சில ஆண்டுகளில், 2016இல், சுமார் 30 கோடி குரோனர் கொடுத்து அரசு வாங்கியது. இன்று 99 சதவீதத்துக்கு மேல் அரசின் வசம். ஒப்பந்தப்படி இந்தியரும் அங்கே சமமாகச் சொத்து வாங்கலாம். வாங்கத்தான் நிலம் இல்லை. நியூ ஒலெசுண்டில் 2008இல் திறந்த நம் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம்கூட நார்வே அரசு நிறுவனத்தின் கட்டடத்தில்தான் இயங்குகிறது.

சோரே ஃபாகர்ஃபியோர்டு என்ன ஆயிற்று? 2024 ஜூலையில் நார்வே அரசு குறுக்கே வந்தது: தேசப் பாதுகாப்பு காரணமாக, எங்கள் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. உரிமையாளர்களிடம் பட்டா இருக்கிறது. யாருக்கு விற்பது என்பதை மட்டும் தீர்மானிக்க முடியாது.

பூமியின் தென்கோடியில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. 1959இல் அண்டார்டிகா ஒப்பந்தம் எழுதியவர்கள், அது நடப்பில் இருக்கும்வரை யார் என்ன செய்தாலும் புதிய உரிமை பிறக்காது என்று நான்காவது பிரிவில் எழுதிவிட்டார்கள். எந்த நாடும் கோராத மேரி பர்டு லாண்டில்கூட இதே விதிதான். ஆர்வக்கோளாறில் ஒருவர் பலகை நட்டுவிட்டு வந்தால், 1991 மாட்ரிட் நெறிமுறையின் கண்ணில் அது குப்பை. நட்டவரே அகற்ற வேண்டும். அந்த நான்காவது பிரிவு எப்படிப் பிறந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)