பல்பட்டைக் கற்றை ஆன்டெனா

பல்பட்டைக் கற்றை ஆன்டெனா என்பது அமெச்சூர் வானொலியில் ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண் பட்டைகளில், வானொலி ஆற்றலை ஒரு குறிப்பிட்ட திசை நோக்கிச் செலுத்தவும் அத்திசையிலிருந்து வருவதைப் பெறவும் பயன்படும் ஆன்டெனா ஆகும். இது பொதுவாகக் கோபுரம் ஒன்றின் உச்சியில் பொருத்தப்பட்டு, மின்னோடியால் வேண்டிய திசைக்குத் திருப்பப்படுகிறது. சிற்றலையில் 20 மீட்டர் (14.000 – 14.350 மெகாஹெர்ட்சு), 15 மீட்டர் (21.000 – 21.450 மெகாஹெர்ட்சு), 10 மீட்டர் (28.000 – 29.700 மெகாஹெர்ட்சு) ஆகிய மூன்று பட்டைகளிலும் இயங்கும் முப்பட்டை ஆன்டெனா இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. 17 மீட்டர், 12 மீட்டர் பட்டைகளையும் சேர்த்து ஐந்து பட்டைகளில் இயங்குவனவும் உள்ளன.

இத்தகைய ஆன்டெனாவின் பயன், அதன் மின்னியல் வடிவமைப்பை மட்டும் பொறுத்ததன்று. அது நிற்கும் உயரம், அதைத் தாங்கும் அமைப்பின் வலு, காற்றை எதிர்கொள்ளும் திறன், அருகிலுள்ள மின்கம்பிகளிலிருந்து அதன் தொலைவு ஆகியவையும் சம அளவில் முக்கியமானவை.

வரலாறு

இன்றைய கற்றை ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை யாகி-உடா ஆன்டெனாவை அடிப்படையாகக் கொண்டவை. சப்பானின் செண்டாய் நகரிலுள்ள தோகோக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியும் அவருடன் பணியாற்றிய சின்டாரோ உடாவும் இதனை 1920களில் உருவாக்கினர். ஆய்வுப் பணியில் பெரும்பங்கு உடாவினுடையது. ஆனால் 1928 இல் யாகி ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை வழியாகவே உலகம் இதனை அறிந்ததால், யாகியின் பெயர் மட்டுமே வழக்கில் நிலைத்துவிட்டது.

பல பட்டைகளுக்கு ஒரே ஆன்டெனா என்னும் எண்ணம், 'ட்ராப்' எனப்படும் பொறிச்சுற்றின் மூலம் நடைமுறைக்கு வந்தது. ஓவர்ட் மார்கன் 1940 இல் இம்முறையை விளக்கினார். 1955 இல் செசுட்டர் புக்கனன் அமெரிக்க அமெச்சூர் வானொலி இதழான கியூஎஸ்டியில் எழுதிய கட்டுரை இதனை அமெச்சூர் வானொலியாளரிடையே பரப்பியது.

கனசதுர குவாட் என்னும் வேறொரு கற்றை ஆன்டெனா எக்குவடோரின் தலைநகர் கித்தோவில் தோன்றியது. ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் எச்சிசேபி வானொலி நிலையத்தின் யாகி ஆன்டெனாவின் முனைகளில், மின்னழுத்தம் மிகுந்திருக்கும் இடங்களில், மின்னிறக்கம் ஏற்பட்டு முனைகள் உருகின. இதற்குத் தீர்வாகப் பொறியாளர் கிளாரன்சு மூர், திறந்த முனைகளே இல்லாத சதுர வளைய ஆன்டெனாவை அமைத்தார்.

செயற்படும் முறை

யாகி வகை ஆன்டெனாவில் மூன்று விதமான உறுப்புகள் ஒரு நடுத்தண்டில் இணையாகப் பொருத்தப்பட்டிருக்கும். செலுத்தியிலிருந்து ஆற்றலைப் பெறுவது இயங்குறுப்பு. அதற்குப் பின்னால் சற்று நீளமான பிரதிபலிப்பியும், முன்னால் சற்றுக் குட்டையான நெறிப்படுத்தியும் இருக்கும். பின்னிரண்டிற்கும் கம்பி இணைப்பு கிடையாது. இயங்குறுப்பின் அலைகள் அவற்றில் மின்னோட்டத்தைத் தூண்ட, அவை மீண்டும் அலைகளை வெளியிடுகின்றன. இவ்வலைகள் முன்பக்கத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும், பின்பக்கத்தில் ஒன்றையொன்று அழித்தும் கற்றையை உருவாக்குகின்றன.

ஆற்றலை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் பயன் ஈட்டம் எனப்படும். ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. மற்றத் திசைகளில் வீணாவதை வேண்டிய திசைக்குத் திருப்புகிறது. ஓர் எளிய இருமுனை ஆன்டெனாவைவிட 6 டெசிபெல் மிகுந்த ஈட்டம் இருப்பின், 100 வாட்டுச் செலுத்தி அத்திசையில் 400 வாட்டுச் செலுத்திக்கு நிகராக ஒலிக்கும். மேலும், பின்னாலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வரும் இடையூறுகள் குறைவதால், மெலிந்த குறிகைகளும் தெளிவாகக் கேட்கும். இரண்டாவது பயனைச் செலுத்தியின் ஆற்றலைக் கூட்டுவதால் பெற முடியாது.

பல பட்டைகளை அடக்கும் வழிகள்

14.15 மெகாஹெர்ட்சில் அலைநீளம் ஏறத்தாழ 21.2 மீட்டர், ஆகவே அரையலை உறுப்பின் நீளம் 10 மீட்டரைத் தாண்டும். 28.5 மெகாஹெர்ட்சில் அது ஏறத்தாழ 5 மீட்டர் மட்டுமே. வெவ்வேறு நீளங்களை ஒரே ஆன்டெனாவில் அடக்கப் பல வழிகள் கையாளப்படுகின்றன.

பொறிச்சுற்று வகை: கம்பிச்சுருளும் மின்தேக்கியும் பக்க இணைப்பில் அமைந்த சுற்று, உறுப்பின் இரு கைகளிலும் செருகப்படுகிறது. அச்சுற்று தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் மிக உயர்ந்த தடையைக் காட்டி, அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் துண்டித்துவிடும். அதைவிடக் குறைந்த அதிர்வெண்களில் அது வெறும் சுருளாகச் செயற்பட்டு உறுப்பின் தேவையான நீளத்தைக் குறைக்கிறது. எனவே முப்பட்டை ஆன்டெனாவின் மிக நீண்ட உறுப்பு 8 முதல் 9 மீட்டருக்குள் அடங்கிவிடும். பொறிச்சுற்றுகளில் சிறிது ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுவதும், 20 மீட்டர் பட்டையில் இயங்கும் அகலம் குறைவதும் இதன் குறைகள்.

இடைச்செறிந்த உறுப்பு வகை: ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி முழுநீள உறுப்புகள் ஒரே தண்டில் பொருத்தப்படுகின்றன. இழப்பு குறைவு; எடையும் காற்றுச்சுமையும் மிகுதி.

மடக்கைக் காலமுறை வகை: 1950களின் பிற்பகுதியில் இலினொய் பல்கலைக்கழகத்தில் உருவானது. படிப்படியாக நீளம் குறையும் பல உறுப்புகளால் ஆனது. பரந்த அதிர்வெண் வீச்சு முழுவதிலும் இடைவெளியின்றி இயங்கும். ஆனால் அதே அளவுள்ள யாகியைவிட ஈட்டம் குறைவு.

அறுகோணக் கம்பி வகை: கண்ணாடியிழைக் கோல்கள் ஆறினை விரித்த குடை போல் அமைத்து, அவற்றில் கம்பிகளை வளைத்துக் கட்டுவது. 20 முதல் 10 மீட்டர் வரையுள்ள ஐந்து பட்டைகளுக்கும் ஏறத்தாழ 6.5 மீட்டர் விட்டமே போதும். ஒவ்வொரு பட்டைக்கும் இரு உறுப்புகளே இருப்பதால் ஈட்டம் சற்றுக் குறைவு. எடையும் காற்றுச்சுமையும் குறைவாதலால் வீட்டு மாடிகளுக்கு ஏற்றது.

உயரத்தின் தாக்கம்

தொலைதூரத் தொடர்பில் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகின்றன. அலை புறப்படும் கோணம் தாழ்வாக இருப்பின் ஒரே தாவலில் நெடுந்தொலைவு செல்லும். இக்கோணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரமே. சமதளத்தின் மேலுள்ள கிடை ஆன்டெனாவுக்கு, அலைநீளத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது அக்கோணத்தின் சைன் மதிப்பாகும்.

இதன்படி 14.15 மெகாஹெர்ட்சில் 10 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டெனாவின் புறப்பாட்டுக் கோணம் ஏறத்தாழ 32 பாகை. 20 மீட்டர் உயரத்தில் அது 15 பாகையாகிறது. அதே 10 மீட்டர் உயரம் 28.5 மெகாஹெர்ட்சில் 15 பாகையைத் தந்துவிடும். தாழ்வாக நிற்கும் பெரிய ஆன்டெனாவைவிட, உயரத்தில் உறுதியாக நிற்கும் சிறிய ஆன்டெனா தொலைதூரத் தொடர்புக்குப் பல வேளைகளில் மேலானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்றுச்சுமை

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். இந்தியத் தர நெறிமுறையின்படி, வேகத்தை மீட்டர்/விநாடியில் கொண்டு அதன் இருமடியை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். அந்நெறிமுறை சென்னைக்குக் குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். இவ்வேகத்தில் அழுத்தம் 1,500 நியூட்டன். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு அரை சதுர மீட்டர் எனின், ஆன்டெனாவின் மீதான விசை 750 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 76 கிலோகிராம் எடைக்கு நிகர். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும்.

இவ்விசை கோபுரத்தின் உச்சியில் செயற்படுவதால், அடியில் நெம்புவிசையாகப் பெருகுகிறது. கோபுரத்தின் மீதும் இழுவைக் கம்பிகளின் மீதும் விழும் காற்றும் இதனுடன் சேரும். எனவே ஆன்டெனாவின் எடையை மட்டும் பார்த்துக் கோபுரத்தைத் தேர்வது தவறாகும். மாடியில் நிறுவும்போது சுமை தூண்கள், உத்திரங்கள் மீது இறங்குமாறு அமைத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவர் இழுவைக் கம்பிகளைக் கட்டுவதற்கு உரியதன்று. இதற்குக் கட்டுமானப் பொறியாளரின் கருத்தைப் பெறுவது நன்று.

நிறுவுதல்

ஆன்டெனாவைத் தரையிலேயே ஒருமுறை முழுமையாகப் பூட்டி, உறுப்புகளின் நீளங்களைக் கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். பொறிச்சுற்றுகளின் வடிதுளைகள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். இல்லையெனில் மழைநீர் உள்ளே தேங்கும்.

ஆன்டெனாவைச் செலுத்தியுடன் இணைக்கும் கோஆக்சியல் வடத்திலும் ஆற்றல் இழக்கப்படுகிறது. 30 மீட்டர் நீளமுள்ள ஆர்ஜி-213 வடம் 28 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 1 டெசிபெல் இழக்கும். மெல்லிய ஆர்ஜி-58 வடம் இரண்டு டெசிபெல்லுக்கு மேல் இழக்கும். அதாவது செலுத்தும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வடத்திலேயே வெப்பமாகிவிடும். வட இணைப்புகளில் நீர் புகாதவாறு நாடா சுற்றுவதும், சுழற்றிக்கு அருகில் ஆன்டெனா திரும்புவதற்குப் போதிய தளர்வு விடுவதும் இன்றியமையாதவை.

நிலையலை விகிதம் 2:1 ஆக இருப்பின் ஏறத்தாழ 11 விழுக்காடு ஆற்றலும், 1.5:1 ஆக இருப்பின் 4 விழுக்காடும் திரும்புகின்றன. ஆயினும் இவ்விகிதம் குறைவாக இருப்பது மட்டுமே ஆன்டெனா நன்றாக இயங்குவதற்குச் சான்றாகாது. அலை எதனையும் வெளியிடாத சோதனைத் தடையமும் 1:1 என்றே காட்டும்.

சுழற்றியின் காட்டியை உண்மை வடக்குடன் பொருத்த வேண்டும். துருவ விண்மீனைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். திசையை வழக்கமான உலகப் படத்தில் பார்த்து முடிவு செய்யலாகாது. அலைகள் புவியின் பெருவட்டப் பாதையில் செல்வதால், சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு ஆன்டெனாவைத் திருப்ப வேண்டியது மேற்கு நோக்கி அன்று. வடக்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை மட்டும் மேற்காகத் திருப்ப வேண்டும்.

பாதுகாப்பு

ஆன்டெனா நிறுவும் பணியில் உயிரிழப்புக்குக் காரணமாகும் முதன்மையான ஆபத்துகள் மூன்று: மின்கம்பியில் படுதல், உயரத்திலிருந்து விழுதல், மின்னல்.

கோபுரமோ ஆன்டெனாவோ எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். தெருவில் செல்லும் மின்கம்பி உறையிட்டதுபோல் தோன்றினாலும் அதனை மின்பாயும் வெற்றுக் கம்பியாகவே கருத வேண்டும். உயர்த்தும்போது சாயத் தொடங்கிய கம்பத்தைப் பிடித்து நிறுத்த முயலாமல் விலகிவிட வேண்டும்.

உயரத்தில் ஏறுபவர் முழுவுடல் பாதுகாப்புக் கச்சை அணிந்து, எந்நேரமும் கோபுரத்துடன் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். காற்றும் இடியும் உள்ள வேளைகளில் ஏறுதல் கூடாது. கோபுரத்தின் கீழே நிற்போர் தலைக்கவசம் அணிய வேண்டும்.

கோபுரத்தைத் தடித்த கடத்தியால் புவியுடன் இணைப்பதும், வடம் வீட்டினுள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்துவதும், எல்லாப் புவி இணைப்புகளையும் ஒன்றோடொன்று பிணைப்பதும் தேவை. இவை மின்னலைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதன் ஆற்றல் வீட்டினுள் வராமல் மண்ணுக்குள் செல்ல வழியமைக்கின்றன. இடிமழைக்கு முன்பே வடங்களைக் கருவிகளிலிருந்து கழற்றி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

செலுத்துவதற்கு அமெச்சூர் வானொலி உரிமம் கட்டாயம். கோபுரத்திற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும், வானூர்தி நிலையங்களுக்கு அருகில் உயரக் கட்டுப்பாடும் தேவைப்படலாம். கற்றை அண்டை வீட்டு மாடியில் படாத உயரத்தில் ஆன்டெனா இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை இழுவைக் கம்பிகளின் இறுக்கம், மரைகள், துரு, வடத்தின் மேலுறை ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் அலுமினிய மூட்டுகளில் அரிப்பு விரைவாக ஏற்படும். நிறுவிய நாளில் அளந்த நிலையலை விகிதத்தைக் குறித்து வைத்தால், பின்னர் ஏற்படும் மாற்றத்திலிருந்து பழுதைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

10 மீட்டர் பட்டையின் தொலைதூரத் தொடர்புகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியைப் பின்பற்றுகின்றன. சூரியச் செயற்பாடு தாழ்ந்த ஆண்டுகளில் அப்பட்டை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்; 20 மீட்டர் பட்டையே அப்போது துணை நிற்கும். ஒரே ஆன்டெனாவில் பல பட்டைகளை அடக்குவதன் பயன் அவ்வாண்டுகளில் தெளிவாகப் புலப்படும்.

இவற்றையும் பார்க்க

அமெச்சூர் வானொலி
யாகி-உடா ஆன்டெனா
அயனி மண்டலம்
நிலையலை விகிதம்