உலர்வகை மின்மாற்றி

தெருவோரத்தில் இரு கம்பங்களுக்கு இடையே நிற்கும் மின்மாற்றியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் தொட்டிக்குள் எண்ணெய் நிறைந்திருக்கிறது. அது கம்பிச்சுருள்களுக்கு மின்காப்பாக அமைவதோடு, அவற்றின் வெப்பத்தையும் வெளியேற்றுகிறது. ஆனால் எண்ணெய் எரியக்கூடிய பொருள். ஆகவே மருத்துவமனை, பலமாடிக் கட்டடம் போன்ற இடங்களில் எண்ணெய் இல்லாத உலர்வகை மின்மாற்றியையே பெரிதும் விரும்புகிறார்கள். இதில் சுருள்களை எப்பாக்சி என்னும் பிசினில் வார்த்துவிடுகிறார்கள். எண்ணெய் செய்த குளிர்விக்கும் வேலையைக் காற்று செய்கிறது.

காற்று தடைப்பட்டால் என்ன ஆகும்? 1,000 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்று முழுச் சுமையில் இயங்கும்போது, ஏறத்தாழ 10 கிலோவாட் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 1 கிலோவாட் மின்னடுப்புகள் பத்தை ஓர் அறைக்குள் இடைவிடாமல் எரியவிடுவதற்கு இது சமம்! சூடான காற்று மேலே எழும் அல்லவா? எனவே குளிர்ந்த காற்று நுழையும் வழியைச் சுவரின் அடியிலும், சூடான காற்று வெளியேறும் வழியை எதிர்ச்சுவரின் உச்சியிலும் அமைக்க வேண்டும். அந்த அறையைப் பழைய நாற்காலிகளையும் காகிதக் கட்டுகளையும் போட்டுவைக்கும் கிடங்காக ஆக்கலாகாது.

'எஃப்' வகை மின்காப்பு 155 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதற்கு மேல் வெப்பம் ஏற ஏறக் காப்பின் ஆயுள் வேகமாகக் குறையும். இதற்காகவே சுருள்களில் வெப்ப உணரிகளைப் பொருத்துகிறார்கள். வெப்பம் மிகுந்தால் அவை முதலில் எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும். பின்னர் மின்னோட்டத்தைத் துண்டிக்கச் செய்யும். மணி தொல்லை தருகிறதென்று அதை நிறுத்திவைப்பது பேதைமை.

ஈரமும் தூசியும் வேறு இரு பகைவர்கள். நெடுநாள் நிறுத்திவைத்த மின்மாற்றியில் ஈரம் படிந்திருக்கலாம். அதை உலர்த்தி, மெகர் கருவியால் காப்புத்தடையை அளந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இனி, உயிரைப் பறிக்கும் இரு தவறுகளைப் பார்ப்போம்.

சுருள் பிசினுக்குள் புதைந்திருப்பதால் அதைத் தொடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பிசினின் மேற்பரப்பு எர்த் செய்யப்படாதது. மின்தேக்கியில் நிகழ்வது போலவே, சுருளின் உயர் மின்னழுத்தத்தால் அந்தப் பரப்பிலும் அழுத்தம் தோன்றும். தொட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மின்மாற்றியைச் சுற்றி எர்த் செய்யப்பட்ட உலோக உறையோ வேலியோ கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, உயர் அழுத்தப் பக்கத்தை மட்டும் துண்டித்துவிட்டு வேலையில் இறங்குவது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி, எதிர்த்திசையில் அழுத்தத்தை உயர்த்தவும் செய்யும். கட்டடத்தின் ஜெனரேட்டரிலிருந்து 415 வோல்ட் தவறுதலாகத் திரும்பி வந்தால், துண்டித்த பக்கத்தில் 10,000 வோல்ட்டுக்கு மேல் தோன்றிவிடும்! ஆகவே இரு பக்கங்களையும் துண்டித்துப் பூட்ட வேண்டும். மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, இரு பக்கங்களையும் எர்த் செய்த பின்னரே தகுதி பெற்ற மின்பணியாளர் அருகில் செல்ல வேண்டும்.

எண்ணெயை நீக்கியதால் குறைந்தது தீயின் அபாயமே. மின்சாரத்தின் அபாயம் அப்படியேதான் இருக்கிறது.