மேல் நிலையத்துச் செய்தி, கீழ் நிலையத்து வேலை

இலங்கையின் பொல்பிட்டிய நீர்மின் நிலையத்துக்கென்று பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. 1969 முதல் அதைச் சுழற்றுவது லக்ஷபான குளத்து நீர். அந்தக் குளத்தை நிரப்புவதோ மேலேயுள்ள நிலையங்கள். காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயா, விமலசுரேந்திர நிலையம், நோர்ட்டன் குளம், பழைய லக்ஷபான என்று இறங்கி வருகிறது. மவுசாகலையில் தேங்கும் மஸ்கெலியா ஓயா, கெனியன், புதிய லக்ஷபான வழியாக வந்து அதே குளத்தில் சேர்கிறது.

சின்னக் குளம் என்பதுதான் சிக்கல். மேலே எல்லா இயந்திரங்களும் முழுவீச்சில் ஓடும்போது பொல்பிட்டியவில் ஒன்று பழுதுபார்ப்பில் கிடந்தால், மிஞ்சும் நீர் மின்சாரம் தராமலே வழிந்தோடும். மேலே நிறுத்தினால் கீழே தட்டுப்பாடு. ஆகவே எந்த நிலையத்துக் குழுவுக்கும் தன் இயந்திரத்தை மட்டும் தெரிந்திருந்தால் போதாது. அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதும் தெரியவேண்டும்.

நீர்மட்டம், சுமை, வெப்பநிலை எல்லாம் பதிவேட்டில் ஏறும். வேலைமுறை மாறும்போது கைமாறும். எண்ணாக்க முடியாதவை? இயந்திரத்தின் சுழல்தண்டுத் தாங்கியிலிருந்து நேற்றில்லாத ஒரு சத்தம் இன்று கேட்கிறது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பழகிய காது பக்கத்தில் நின்று புதியவருக்குக் காட்டினால்தான் உண்டு.

ஜப்பானிய அறிஞர்கள் இகுஜிரோ நொனாகாவும் ஹிரோத்தகா தக்கெயூச்சியும் 1995இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு பிரபல உதாரணம் வருகிறது. மட்சுஷித்த நிறுவனம் உருவாக்கிய பாண் சுடும் இயந்திரத்தில் மா சரியாகப் பிசைபடவில்லை. குழுவில் ஒருவர் ஒசாக்கா ஹோட்டலொன்றின் பாண் வல்லுநரிடம் தொழில் பழகினார். வல்லுநர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டு வந்து சொன்னார். பொறியியலாளர்கள் அதை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். கையிலிருந்த வித்தை சொல்லாகி, சொல் பொருளானது.

சொன்னால் மட்டும் போதுமா? கெஹெல்கமு, மஸ்கெலியா ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றது. பழைய லக்ஷபான இயங்கியது 1950இல். கேட்பவர் இல்லாத அறிவுக்கு முப்பது வருடம் ஒரு காத்திருப்பே இல்லைபோலும்.

நீர்மட்டம் அறிய மஸ்கெலியா தோட்டத்து மக்களுக்குப் பதிவேடு வேண்டாம். மவுசாகலையில் மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரிந்தாலே மட்டம் இறங்கியது விளங்கிவிடும்.

புதுப்பித்தபின் பொல்பிட்டியவின் திறன் 75இலிருந்து 90 மெகாவாட்டானது. பழைய இயந்திரத்துக்குப் பழகிய காதுகள் புதியதற்குப் பழகவேண்டும். பொல்பிட்டியவுக்கும் கீழே இப்போது 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நிலையம் வந்திருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கு பொல்பிட்டியதான் இனி ‘மேல் நிலையம்’.