ஓவியம் உடையானது!

பாரிஸ் நகரம். 1965-ம் ஆண்டு.

புதிய நாகரிக உடைகளைப் பார்ப்பதற்காகச் சீமாட்டிகளும், பத்திரிகைக்காரர்களும் கூடி இருந்தார்கள். அழகிகள் ஒவ்வொருவராக, ஒவ்வோர் உடையை அணிந்துகொண்டு நடந்து வந்தார்கள்.

அப்போது வந்தது ஒரு கவுன். தோளில் இருந்து முழங்கால் வரை நேராகத் தொங்கியது. பூ வேலை இல்லை. சரிகை இல்லை. கொசுவம் இல்லை. வெள்ளைத் துணியின் குறுக்கும் நெடுக்கும் கறுப்புக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். அவ்வளவுதான்!

சுவரில் மாட்டி இருந்த ஓவியம் ஒன்று, இறங்கி நடந்து வந்ததுபோல் இருந்தது.

அந்த உடையை உருவாக்கியவர், ஈவ் சான் லோரான். அப்போது அவருக்கு வயது 29.

இந்த யோசனை அவருக்கு எங்கே கிடைத்தது?

ஒரு புத்தகத்தில்! அது, கிறிஸ்துமஸ் பரிசாக அவருடைய தாயார் கொடுத்த புத்தகம்.

காகிதப் பொம்மைகள்

சான் லோரான் பாரிஸ்காரர் அல்ல. 1936-ம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியா நாட்டில், ஓரான் என்ற துறைமுக நகரில் பிறந்தார். அல்ஜீரியா அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது.

அவர் கூச்சம் மிகுந்த சிறுவர். ஓடி ஆடி விளையாட மாட்டார். பள்ளிக்கூடத்தில் மற்ற மாணவர்கள் அவரைக் கேலி செய்தார்கள், அடிக்கவும் செய்தார்கள். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குப் பயம்.

வீட்டுக்கு வந்தால் வேறு உலகம். அங்கே அம்மாவும், 2 தங்கைகளும் இருந்தார்கள். அம்மா நன்றாக உடுத்துவார். உடை அலங்காரப் பத்திரிகைகளை வாங்குவார்.

மகன் அந்தப் பத்திரிகைகளில் உள்ள அழகிகளின் படங்களைக் கத்தரித்து எடுப்பார். அட்டையில் ஒட்டிப் பொம்மை ஆக்குவார். பிறகு, அந்தப் பொம்மைகளுக்குக் காகிதத்திலேயே உடை செய்வார். காலைக்கு ஓர் உடை, மாலைக்கு ஓர் உடை, விருந்துக்கு ஓர் உடை. இப்படி நூற்றுக்கணக்கான உடைகள்!

13 வயதில் அவர் ஒரு நாடகம் பார்த்தார். பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் எழுதிய நாடகம். மேடையில் இருந்த காட்சிகளும், நடிகர்களின் உடைகளும் அவர் மனதில் பதிந்துவிட்டன. வீட்டிலேயே ஒரு குட்டி நாடக மேடையை அமைத்தார். அட்டைப் பொம்மைகளை நடிக்க வைத்தார். தங்கைகள்தான் ரசிகர்கள்!

பத்திரிகை, நாடகம், பொம்மை. இவைதான் அவர் படித்த முதல் பள்ளிக்கூடம்.

21 வயதில் முதலாளி நாற்காலி

அவர் வரைந்த படங்களைப் பாரிசில் ஒரு பத்திரிகை ஆசிரியர் பார்த்தார். உடனே கிறிஸ்டியன் டியோரிடம் அழைத்துப் போனார். டியோர் என்றால், அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற உடை நிபுணர். படங்களைப் பார்த்த டியோர், இளைஞரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இது நடந்தது 1955-ல்.

2 ஆண்டுதான் ஆயிற்று. 1957 அக்டோபரில் டியோர் திடீரென்று இறந்துவிட்டார்.

அந்தப் பெரிய நிறுவனத்துக்கு யார் உடைகளை உருவாக்குவது? பொறுப்பு, 21 வயது சான் லோரான் தலையில் விழுந்தது!

1958 ஜனவரியில் அவர் முதல் உடைகளைக் காட்டினார். தோளில் குறுகி, கீழே போகப்போக அகலும் கவுன்கள். இடுப்பை இறுக்கிக் கட்டும் பழக்கம் அவற்றில் இல்லை. பத்திரிகைகள் பாராட்டி எழுதின. கூச்சம் நிறைந்த பையன், ஒரே நாளில் உலகத்துக்குத் தெரிந்தவர் ஆகிவிட்டார்.

ஆனால், 1960-ல் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. ராணுவ வாழ்க்கையை அவர் மனம் தாங்கவில்லை. நோயாளி ஆகி, ஆஸ்பத்திரியில் படுத்தார். அதற்குள் அவர் பார்த்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது.

வேலை போயிற்று. கலை போகவில்லை. பியேர் பெர்ழே என்ற நண்பர் துணை நின்றார். இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1962 ஜனவரியில் சான் லோரான் தம் பெயரிலேயே உடைகளைக் காட்டினார்.

யார் இந்த ஓவியர்?

இனி, அம்மா கொடுத்த புத்தகத்துக்கு வருவோம். அது மாண்ட்ரியன் என்ற ஓவியரைப் பற்றியது.

பீட் மாண்ட்ரியன் ஹாலந்து நாட்டுக்காரர். 1872-ல் பிறந்தவர். முதலில் மரம், ஆறு, காற்றாலை என்று எல்லோரையும்போல்தான் வரைந்தார். வரைய வரைய, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். மரத்தில் இலை போயிற்று. பிறகு கிளை போயிற்று. கடைசியில் நின்றவை, நேர்க் கோடுகளும், 3 நிறங்களும்தான். சிவப்பு, நீலம், மஞ்சள். கூடவே கறுப்பும் வெள்ளையும்.

இந்தப் படங்களை வாங்க ஆள் அதிகம் இல்லை. பாரிசில் வாழ்ந்தபோது, வயிற்றுப் பாட்டுக்காக அவர் பூப் படங்களை வரைந்து விற்றார். 1944-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் காலமானார்.

அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, அவருடைய கோடுகள் கவுனில் ஏறின!

சாயம் அல்ல, தையல்!

"துணியில் படத்தை அச்சடித்து இருப்பார்கள். இதில் என்ன பெரிய வேலை?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை!

ஓவியம் தட்டையானது. மனித உடம்பு தட்டையானது அல்ல. தட்டையான படத்தை வளைந்த உடம்பின்மேல் போட்டால், நேர்க் கோடு கோணிப்போகும், கட்டம் சாய்ந்துபோகும்.

சான் லோரான் என்ன செய்தார்? கம்பளி நூலால் பின்னிய ஜெர்சித் துணியை எடுத்துக்கொண்டார். சிவப்புக்கு ஒரு துண்டு, நீலத்துக்கு ஒரு துண்டு, கறுப்புக் கோட்டுக்கு ஒரு நீளத் துண்டு என்று தனித்தனியாக வெட்டச் சொன்னார். பிறகு, அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தார்கள்.

உடம்பின் வளைவுக்கு ஏற்பத் துணியைப் பிடிக்க வேண்டிய இடங்களை எல்லாம், அந்தத் தையலுக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு நேர்க் கோடுதான் தெரியும். போட்டுக்கொள்பவருக்கு உடை கச்சிதமாகப் பொருந்தும்.

கண்டது புத்தகத்தில். செய்து முடித்தது கத்தரியும் ஊசியும்!

ஒரிஜினலும் நகலும்

பிரெஞ்சு "வோக்" பத்திரிகை, 1965 செப்டம்பர் இதழின் அட்டையில் அந்தக் கவுனைப் போட்டது. அதைப் பார்த்து, மலிவான கவுன்கள் கடைகளுக்கு வந்தன. கோடும் கட்டமும் போட்டால் போதும், விற்றுவிடும் என்ற நிலை.

சான் லோரானும் ஓவியத்தைத்தானே எடுத்துக்கொண்டார்? அவருக்கும் நகல் செய்தவர்களுக்கும் என்ன வேறுபாடு?

2 வேறுபாடு உண்டு. ஒன்று, யாரிடம் இருந்து எடுத்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. "மாண்ட்ரியனுக்கு மரியாதை" என்றே அந்த உடைகளுக்குப் பெயர் வைத்தார். மற்றொன்று, சுவருக்காகப் பிறந்ததை உடம்புக்கு ஏற்றதாக மாற்ற அவர் உழைத்தார். நகல் செய்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர் கவுனைப் பார்த்தார்கள், அடித்தார்கள், விற்றார்கள்.

இன்னொரு செய்தி. பாரிசில் மாண்ட்ரியனின் ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது, 1969-ல்தான். கவுன் வந்து 4 ஆண்டுகளுக்குப் பிறகு! ஓவியத்துக்கு முன்பே, உடை வீதிக்கு வந்துவிட்டது.

மாலுமியின் கோட்டு

சான் லோரானின் கண், ஓவியத்தை மட்டும் பார்க்கவில்லை. உழைப்பவர்கள் உடுத்துவதையும் பார்த்தது.

கடற்காற்றுக்காக மாலுமிகள் தடித்த கம்பளிக் கோட்டு போடுவார்கள். 1962-ல், தம் முதல் காட்சியிலேயே அதைப் பெண்களுக்கு உரிய கோட்டாக மாற்றிக் காட்டினார்.

ஆண்கள் விருந்துக்கு அணியும் கறுப்புக் கோட்டையும் காற்சட்டையையும், 1966-ல் பெண்களுக்குத் தந்தார். பெண்கள் காற்சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போவதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது.

அதே ஆண்டு செப்டம்பரில், பாரிசில் ஒரு கடை திறந்தார். அளவெடுத்துத் தைக்கும் விலை உயர்ந்த உடைகள் அங்கே இல்லை. தைத்துத் தயாராக மாட்டி வைத்த உடைகள். பணக்காரச் சீமாட்டிகளுக்கு மட்டுமே கிடைத்தவை, மற்றப் பெண்களுக்கும் கிடைக்கத் தொடங்கின. விருந்துகளில் அவ்வளவாக விலைபோகாத அந்தக் கறுப்பு உடையை, இளம் பெண்கள் இங்கே விரும்பி வாங்கினார்கள்.

போகாமலே பார்த்த நாடு

அவர் பெரிய பயணி அல்ல. ஆனால், புத்தகப் பிரியர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றுவார்.

1977-ல் சீன நாட்டுப் பாணியில் உடைகளைக் காட்டினார். கூம்புத் தொப்பி, தங்க வேலை செய்த மேலங்கி என்று ஒரே சீன மயம். ஆனால், அதுவரை அவர் சீனாவுக்குப் போனதே இல்லை! முதல் தடவையாகப் போனது 1985-ல். அதற்கு முன்பே, புத்தகங்களிலும் கலைப் பொருள்களிலும் அந்த நாட்டைப் பார்த்துவிட்டார்.

1988-ல் வான்கா என்ற ஓவியர் பக்கம் திரும்பினார். அவருடைய ஐரிஸ் மலர் ஓவியத்தை ஒரு சட்டையில் கொண்டுவந்தார். முழுவதும் கை வேலை. மணியும் ஜிகினாவும் நாடாவும் வைத்துத் தைத்தார்கள். ஒரு சட்டையைப் பின்னி முடிக்க, சுமார் 600 மணி நேரம் பிடித்தது. தினம் 8 மணி நேரம் ஒருவரே தைத்தால், இரண்டரை மாதம் ஆகும்!

ஏலம்

2002-ல் சான் லோரான் ஓய்வு பெற்றார். 2008 ஜூன் 1-ந் தேதி, 71-வது வயதில் காலமானார்.

மறு ஆண்டு, அவரும் நண்பரும் சேர்த்த கலைப் பொருள்கள் பாரிசில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் மாண்ட்ரியனின் ஓவியங்களும் இருந்தன. அம்மா கொடுத்த புத்தகத்தில் பார்த்தவரின் ஓவியங்களை, அவர் பிறகு விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டு இருந்தார்.

1922-ல் வரைந்த ஓவியம் ஒன்று, 2 கோடியே 15 லட்சம் யூரோவுக்கு விலை போயிற்று. பூப் படம் விற்றுச் சாப்பிட்ட ஓவியரின் ஓவியம்!

அந்தக் கவுன்கள் இப்போது நியூயார்க், லண்டன் நகர அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சுவரில் இருந்து இறங்கிய ஓவியம், உடையாக ஊரைச் சுற்றிவிட்டு, மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அம்மாவின் பத்திரிகையைக் கத்தரித்த பையனை, "ஏன்டா கிழிக்கிறாய்?" என்று அதட்டி, கத்தரியைப் பிடுங்கி இருந்தால் இவ்வளவும் நடந்து இருக்குமா? அந்த அம்மா பிடுங்கவில்லை. அதற்குப் பதிலாக, பிறகு ஒரு புத்தகத்தையும் வாங்கிக் கொடுத்தார்.