மூளையின் மடிப்புகள்

அக்ரூட் பருப்பைப் போல மடிப்புகள் நிறைந்தது மனித மூளை. அதன் மேலுறையான பெருமூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டரே. விரித்தாலோ ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர்! அதில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்து கிடக்கிறது.

மண்டையோட்டின் நெருக்கடிதான் காரணமா? அன்று. கருவில் புறணி உட்பகுதியைவிட விரைந்து வளர்வதால் தானே மடிகிறது. 2016-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மகாதேவனும் குழுவினரும் ஜெல்லாலான மூளை மாதிரியைக் கரைப்பானில் இட்டனர். மேலடுக்கு உப்பி, அவ்வாறே மடிந்தது.

மடிப்பு மிகுந்தால் அறிவும் மிகும் என்பர் சிலர். டால்பினுக்கு நம்மைவிட மடிப்புகள் அதிகம்! முதன்மையான மடிப்புகள் பிறக்குமுன்பே அமைந்துவிடுகின்றன. எழுத்தறியாத் தாயின் கருவிலும் அவ்வாறே. பரம்பரைப் படிப்புக்கென்று தனி மடிப்பு ஏதுமில்லை!