கார் நிஜம்... ஓனர் நிஜம்... பணம் மட்டும் மாயம்!

பழைய கார் வாங்குவோருக்கு வலை விரிக்கும் "மச்சான்" ஆசாமிகள்

சென்னை—
கார் கண்ணெதிரே நிற்கிறது. ஓட்டிப் பார்த்தாயிற்று. ஆர்.சி. அசல். காரின் சொந்தக்காரரும் அசல் ஆள்தான். அவர் வீட்டு வாசலில்தான் பேச்சு நடக்கிறது. இவ்வளவும் நிஜமாக இருந்தும் லட்சக்கணக்கில் பறிகொடுக்க முடியுமா?

முடியும்! செல்போனில் விளம்பரம் பார்த்துப் பழைய கார் வாங்கப் போகிறவர்களை மடக்கும் நூதன மோசடியின் சூட்சுமமே இதுதான். இதில் போலி என்பது நடுவில் போனில் பேசும் ஒரு குரல் மட்டுமே. அந்தக் குரலுக்கு உரியவனை வாங்குகிறவரும் பார்த்ததில்லை, விற்கிறவரும் பார்த்ததில்லை.

"ரேட் மட்டும் பேசாதீங்க!"

ஒரு கணக்குக்குச் சொல்வோம். அண்ணாநகரில் ஒருவர் தன்னுடைய 2017 மாடல் ஸ்விப்ட் காரை நாலரை லட்ச ரூபாய்க்கு விற்பதாக இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார். மோசடி ஆசாமி அவருக்குப் போன் போடுகிறான்.

"சார், வண்டி பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன ரேட்டே ஓகே. வேற யாருக்கும் காட்டாதீங்க. விளம்பரத்தை எடுத்துடுங்க. ஆர்.சி.யை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறான்.

ஒரு பைசா பேரம் பேசாத பார்ட்டி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? இவரும் அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அதே கார், அதே படங்கள், ஆனால் வேறு போன் நம்பரோடு புது விளம்பரம் முளைக்கிறது. விலை மூன்றரை லட்சம்!

பல்லாவரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்க்கிறார். குடும்பத்துக்கு முதல் கார். மனைவியின் நகையை வைத்தாவது எடுத்துவிடலாம் என்று போன் செய்கிறார். அவரிடம் ஆசாமி வேறு கதை விடுகிறான்.

"அது என் மச்சான் வண்டி அண்ணே. எனக்குத் தரவேண்டிய பாக்கிக்கு வண்டியை விட்டுட்டாரு. நேரா போய்ப் பாருங்க, ஓட்டுங்க. ரேட் மட்டும் அவர்கிட்ட பேசிடாதீங்க. குடும்பத்துல சங்கடமாயிடும்."

உடனே அண்ணாநகர்க்காரருக்கு அடுத்த போன். "சார், எங்கிட்ட வேலை பார்க்கிறவர் வண்டி பார்க்க வர்றாரு. அவருக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ரேட் அவருக்குத் தெரிய வேண்டாம். நான் உங்களோடு பேசிக்கறேன்."

இருவரும் சந்திக்கிறார்கள். காபி வருகிறது. டயரைப் பற்றிப் பேசுகிறார்கள், மைலேஜ் பற்றிப் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறப்பதில்லை. கார் பிடித்துப்போக, மளிகைக் கடைக்காரர் "மச்சான்" சொன்ன கணக்குக்கு மூன்றரை லட்சத்தை அனுப்புகிறார். அதே நேரம், விற்கிறவரின் போனுக்கு "பணம் அனுப்பியாச்சு" என்று ஒரு போலி ரசீதுப் படம் வந்து விழுகிறது.

"அண்ணே, சாவியைக் கொடுங்க."

"பணம் இன்னும் ஏறலையே?"

"நான் அனுப்பிட்டேனே!"

"யாருக்கு?"

"உங்க மச்சானுக்குத்தான்."

"எனக்கு மச்சானே கிடையாதேய்யா!"

அதற்குள் அந்தப் போன் "ஸ்விட்ச் ஆப்" ஆகியிருக்கும். இவர் அவரைத் திருடன் என்கிறார், அவர் இவரைக் கூட்டாளி என்கிறார். இரண்டு அப்பாவிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையம் போகிறார்கள். பணமோ, கமிஷனுக்குத் தங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடும் ஆட்களின் கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, எங்கோ ஒரு ஊர் ஏ.டி.எம்.மில் அபேஸ் ஆகிவிடும்.

அடுத்தவர் குடும்ப விஷயத்தில் நமக்கென்ன, நாலு பேர் முன்னால் காசைப் பற்றிக் கேட்பது மரியாதையா என்று நினைக்கிற நம் கூச்சத்தை அந்த ஆசாமி நன்றாகவே படித்து வைத்திருக்கிறான். "சார், நீங்க என்ன விலைக்குக் கொடுக்கிறீங்க?" என்று எதிரில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஆட்டம் அங்கேயே குளோஸ்!

அந்தக் காலத்தில் புரோக்கர் வைத்து கார் வாங்கியபோதும் ஏமாற்று இருக்கத்தான் செய்தது. ஆனால் புரோக்கருக்கு ஒரு முகம் இருந்தது. மறுநாள் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். இந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது?

ஆர்.சி.யில் யார் பெயர்?

இந்த வலையில் விழாமலிருக்க ஒரு கட்டுப்பாடு போதும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். மச்சான், மேனேஜர், பார்ட்னர் என்று வேறு யார் கணக்கைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் போகும் முன்பே பெறுபவர் பெயர் திரையில் வரும். இணைய வங்கி வழியாக அனுப்பும்போதும் அப்படிப் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்தப் பெயரை ஒரு முறை படித்துப் பார்க்க அரை நிமிஷம் கூட ஆகாது.

காரின் மேல் கடன் பாக்கி இருந்தால், பாக்கித் தொகையை அந்த வங்கியிடமே கட்டுவது நல்லது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் 35-ம் எண் படிவமும் வந்த பிறகு மீதியைக் கொடுக்கலாம். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ், கடன் விவரம் எல்லாம் வந்துவிடும். ஓனர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். ஆனாலும் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க அதுவே போதும். அபராதச் சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யில் மட்டும் பார்த்தால் போதாது. பானெட்டைத் திறந்து வண்டியிலும் பாருங்கள்.

"மிலிட்டரி" டிமிக்கி

இன்னொரு கூட்டம் காரையே கண்ணில் காட்டாது. "நான் ராணுவத்தில் இருக்கேன், திடீர்னு மாற்றல் ஆயிடுச்சு" என்றோ, "ஏர்போர்ட் செக்யூரிட்டியில் டியூட்டி, வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிக்குது" என்றோ ஆரம்பிப்பார்கள். யூனிபாரம் போட்ட படம், அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். விலை கேட்டால் தலை சுற்றும், அத்தனை மலிவு! முதலில் "டெலிவரி சார்ஜ்" என்று சில ஆயிரம். அப்புறம் கேட் பாஸ், அப்புறம் திருப்பித் தரப்படும் டெபாசிட். கட்டக் கட்ட கார் நகராது.

நிஜமான வீரர்களின் அட்டையைத்தான் பல சமயம் காப்பி அடித்து மாட்டுகிறார்கள். எனவே அட்டை அசலாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. "டெபாசிட்டைத் திருப்பித் தர்றோம், இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்றால் அது இரண்டாவது கொள்ளை. பின் நம்பர் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குத்தான். உள்ளே வருவதற்கு அது தேவையே இல்லை.

விற்றுவிட்டுத் திருடும் பலே கில்லாடிகளும் உண்டு. காரில் ஜி.பி.எஸ். கருவியை ஒளித்துவைத்து விற்பது, டூப்ளிகேட் சாவியோடு பின்னாலேயே போய்த் தூக்கிவருவது. டில்லியை ஒட்டிய நொய்டாவில் ஒரே காரை இப்படிப் பத்துத் தடவைக்கு மேல் விற்றுத் திருடியதாக 2021-ல் ஒருவன் பிடிபட்டான். இரண்டு சாவியும் கைக்கு வராமல் பணத்தை எண்ணாதீர்கள்.

சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றில் பல, துடைத்து பாலிஷ் போட்டு மறுபடி விற்பனைக்கு வந்தவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மண் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும்.

விற்கிறவர்களுக்கும் தப்பில்லை. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. இதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவரும், 30 நாளில் வாங்கியவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாற்றாமல் விட்டு அந்தக் கார் யார் மேலாவது மோதினால், நஷ்ட ஈடு பதிவேட்டில் பெயர் உள்ளவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பணம் போய்விட்டால்?

அவமானம் என்று மூடி மறைத்து, ஊரில் யோசனை கேட்டு, மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் கெடுகிறார்கள். 1930 என்ற நம்பருக்கு அந்த நிமிஷமே போன் செய்ய வேண்டும். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் தங்கியிருந்தால் வங்கிகள் மூலம் முடக்கிவைக்க வழி உண்டு. அங்கிருந்து தாவிவிட்டால் கஷ்டம். பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண், போன கணக்கு, நேரம், ஆசாமியின் போன் நம்பர், விளம்பரத்தின் படம் இவை கையில் இருக்கட்டும். ஆத்திரத்தில் அவனோடு பேசிய வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள், போலீசாருக்கு அதுதான் முதல் துப்பு.