உங்களுக்குத் தெரியுமா? கேம் காரை எங்கே ஓட்டிப் பார்ப்பது?

கார் ரேஸ் கேமில் சஸ்பென்ஷன், கியர், விங் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு நேராகப் பந்தயத்தில் இறங்கினால், எந்த மாற்றம் உதவியது, எது கெடுத்தது என்று பிடிபடாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்கேற்ற தடத்தில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படிச் சில தடங்கள் இங்கே.

*

‘கிரான் டூரிஸ்மோ’ கேமில் வரும் ‘ஸ்பெஷல் ஸ்டேஜ் ரூட் எக்ஸ்’ நிஜத்தில் எங்கும் இல்லாத தடம். ஒரு சுற்று சுமார் 30 கி.மீ.; பெரும்பகுதி இரண்டு நீளமான நேர்ச்சாலைகள்தான். கியர் ரேஷியோ பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. கடைசி கியரில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் முட்டி நிற்கிறதா? ஃபைனல் கியரை இன்னும் நீட்டுங்கள். சிவப்பின் பக்கமே போகாமல் வேகம் தேங்கிவிடுகிறதா? நீட்டியது அதிகம். பின் விங்கைத் தாழ்த்தினால் உச்ச வேகம் எவ்வளவு ஏறுகிறது என்பதும் இங்கே பளிச்சென்று தெரியும். வளைவுகளில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் இந்தத் தடம் சொல்லாது.

*

நிஜ உலகிலும் இப்படி ஒன்று உண்டு. தென் இத்தாலியின் நார்டோவில் 12.6 கி.மீ. சுற்றளவுள்ள வட்டப் பாதை. 1975-இல் வந்தது. சாய்வாகப் போடப்பட்ட சாலை என்பதால், வெளி லேனில் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் போகும்போது ஸ்டியரிங்கைத் திருப்பவே தேவையில்லை.

*

சஸ்பென்ஷனுக்கு ஜப்பானின் சுகுபா. நீளம் 2 கி.மீ.யைச் சற்றே தாண்டும். வேகமான கார் ஒரு நிமிடத்தையொட்டிச் சுற்றிவிடும் என்பதால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்பதைக் கை மறக்காது. இதுதான் குட்டித் தடத்தின் பெரிய பலம். ஹேர்பின்னில் பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் கார் மூக்கைத் திருப்பாமல் வெளியே வெளியே போகிறதென்றால் அது அண்டர்ஸ்டியர். வளைவில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரை ஒரு படி தளர்த்தி, மறு சுற்றில் அதே ஹேர்பின்னைப் பாருங்கள். மூக்கு திரும்புகிறதா, சந்தோஷம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் வரும் நீண்ட வலது வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பின்பக்கம் நழுவினால், ஹேர்பின்னில் சம்பாதித்ததை அங்கே இழக்கிறீர்கள். இரண்டு வளைவும் சம்மதித்தால்தான் அந்த செட்டிங் தேறியது.

*

அண்டர்ஸ்டியரை அம்பலப்படுத்தவே ஒரு வளைவு உண்டு, தெரியுமா? இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்ட் விமானத் தளத்தில், ‘டாப் கியர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லோட்டஸ் நிறுவனத்தார் வடிவமைத்துக் கொடுத்த தடத்தின் ‘ஹாமர்ஹெட்’ வளைவுதான் அது. ‘கிரான் டூரிஸ்மோ 5’, ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 4’ ஆகிய இரண்டு கேம்களிலுமே இந்தத் தடம் இருக்கிறது.

*

பிரேக் பேலன்ஸுக்கு கலிபோர்னியாவின் லகுனா செகா. அங்கே ‘கார்க்ஸ்க்ரூ’ வளைவில் சாலை சட்டென்று சுமார் 18 மீட்டர் கீழே இறங்கும். மேட்டு உச்சியில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் அலைபாய்ந்தால், பேலன்ஸை முன்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

*

ஓட்டுவது மட்டுமல்ல, படிக்கவும் வேண்டும். ‘ஃபோர்ஸா’ கேம்களின் டெலிமெட்ரி திரையில் ஒவ்வொரு டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு வெப்பத்தைத் தனித்தனியாகக் காணலாம். வளைவில் வெளிவிளிம்பு மட்டும் கொதித்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, போதவில்லை என்று அர்த்தம். ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 5’-இல் மெக்சிகோவின் எரிமலை மீது ஏறும் கொண்டை ஊசிச் சாலை இதற்கு அருமையான இடம்.

*

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே எதற்கு? கடைசிப் பரீட்சைக்கு. 20.8 கி.மீ. நீளம், சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம். கார் தரையை விட்டு எழும்பும் மேடுகளும், சாய்ந்த கான்கிரீட்டில் குலுக்கி எடுக்கும் ‘காரசெல்’ வளைவும் இங்கே உண்டு. தாழ்த்திய வண்டி இங்கேதான் அடி தட்டும். இதில் முதலிலேயே இறங்கினால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ‘கிரான் டூரிஸ்மோ’வை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி இந்தத் தடத்தை கேமில் மட்டும் ஓட்டியவர் அல்லர், 2011-இல் இங்கே நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நிஸான் ஜி.டி.ஆர். ஓட்டி, தம் பிரிவில் வென்ற அணியில் ஒருவர்.